வீட்டில் சோப்பும் குளியல் பொருட்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சோப்பு செய்யக் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் முதலில் கேட்பது மணத்தையும் நிறத்தையும் பற்றித்தான். கேட்க வேண்டியது தராசைப் பற்றி. சரியாக நிறுத்து, சரியான வரிசையில் கலந்து, பொறுமையாகக் காத்திருந்தால் எளிய மூன்று எண்ணெய்களிலேயே அருமையான கட்டி கிடைக்கும். நிறுப்பதில் தவறினால் எந்த மூலிகையும் அதைக் காப்பாற்றாது. கீழே உள்ள பதில்களைப் படிக்கும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காஸ்டிக் சோடா இல்லாமல் கட்டி சோப்பு செய்ய முடியாதா?

முடியாது. கொழுப்பு மூலக்கூறு ஒவ்வொன்றிலும் ஒரு கிளிசரினோடு மூன்று கொழுப்பு அமிலங்கள் ஒட்டியிருக்கின்றன. காஸ்டிக் சோடா, அதாவது சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரம், அந்த மூன்றையும் கிளிசரினிடமிருந்து பிரித்து உப்பாக மாற்றிவிடுகிறது. அந்த உப்புதான் சோப்பு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிஷேல் யூஜின் ஷெவ்ரல் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் கொழுப்புகளை ஆராய்ந்து இதை விளக்கினார். அதற்கு முன்பு பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் காரணம் தெரியாமலேயே சோப்பு காய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

"காரம் சேர்க்காத சோப்பு" என்று யாராவது விற்றால் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, காரம் சேர்க்கும் வேலையை வேறொருவர் முன்பே முடித்திருப்பார். அல்லது, அது சோப்பே இல்லை. செயற்கைச் சலவைப்பொருளைக் கட்டியாக அழுத்தியிருப்பார்கள். பயம் வேண்டாம். கணக்குப்படி செய்து முடித்த சோப்பில் காஸ்டிக் சோடா மிச்சம் இருக்காது. முழுவதும் வினையில் செலவாகியிருக்கும்.

சோப் பேஸை உருக்கி ஊற்றுவது ஏமாற்று வேலையா?

இல்லை. சோப் பேஸ் என்பது காரம் சேர்த்து முன்பே செய்து முடித்த, உருக்கக்கூடிய சோப்பு. குழந்தைகளோடு சேர்ந்து செய்ய அதுதான் பாதுகாப்பானது. உருக்கி, நிறமும் மணமும் சேர்த்து, அச்சில் ஊற்றினால் சில மணி நேரத்தில் கட்டி தயார். ஆனால் உள்ளே என்ன எண்ணெய் இருக்கிறது என்பதில் உங்களுக்குக் குரலே கிடையாது. கிளிசரின் அதிகம் சேர்த்திருப்பதால் ஈரமான காற்றில் மேற்பரப்பு வியர்க்கும். ஆறியதும் இறுக்கமாகச் சுற்றி வைத்துவிடுங்கள். அதில் பழங்களையும் கீரைகளையும் அரைத்துச் சேர்க்கச் சொல்லும் செய்முறைகளை நம்ப வேண்டாம். சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும்.

என்னென்ன கருவிகள் வேண்டும்?

ஒரு கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசு. மற்றவற்றில் எதைச் சுருக்கினாலும் இதில் சுருக்கக் கூடாது. கரண்டி, கோப்பை அளவுகள் சோப்புக்குப் பயன்படாது. எண்ணெயும் காரமும் நீரும் எல்லாமே எடைதான்.

காரக்கரைசலுக்கு எவர்சில்வர் பாத்திரம், அல்லது அடியில் 5 என்ற எண் பொறித்த பாலிபுரொப்பிலீன் குடுவை. அலுமினியம் கூடவே கூடாது. காரம் அதை அரித்து, எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும். கண்ணாடிக் குடுவை உறுதியானதாகத் தோன்றும்; ஆனால் காரம் அதையும் நாளடைவில் அரிக்கும், ஒருநாள் சூட்டில் விரிசல் விடும். மரக்கரண்டி நார் நாராகப் பிய்ந்துவிடும். இவை போக ஒரு ஹேண்ட் பிளெண்டர், வெப்பமானி, சிலிக்கான் அச்சு, கையுறை, கண்ணைச் சுற்றிலும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி. பார்வைக்கு அணியும் மூக்குக்கண்ணாடி பக்கவாட்டுத் தெறிப்பைத் தடுக்காது. சோப்புக்கு எடுத்த பாத்திரங்களைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள்.

காஸ்டிக் சோடாவைக் கையாள்வது எவ்வளவு ஆபத்து?

தோலையும் கண்ணையும் பொசுக்கும் அளவுக்கு ஆபத்து. ஒழுங்கைக் கடைப்பிடித்தால் சமாளிக்கக்கூடிய ஆபத்து. முதல் ஒழுங்கு, நீரில்தான் காஸ்டிக் சோடாவைக் கொட்ட வேண்டும். காஸ்டிக் சோடாவின் மேல் நீரை ஊற்றினால் ஓரிடத்தில் வெப்பம் குவிந்து கொதித்துத் தெறிக்கும். சரியான வரிசையில் கலந்தாலும் கரைசல் சில நொடிகளில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டலாம். குளிர்ந்த நீரில் தொடங்கி, சிறிது சிறிதாகச் சேர்த்து, அடியில் கட்டி தட்டாமல் கலக்குங்கள். எழும் ஆவி தொண்டையைக் கமறச் செய்யும், ஆகவே சன்னல் திறந்திருக்கட்டும், முகத்தைப் பாத்திரத்துக்கு மேலே நீட்டாதீர்கள். குழந்தைகளும் வளர்ப்புப் பிராணிகளும் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது.

தோலில் பட்டால் ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடமாவது கழுவுங்கள். வினிகர் ஊற்றினால் காரம் முறிந்துவிடும் என்ற அறிவுரை பல இடங்களில் சுற்றுகிறது. முறியும்போது எழும் வெப்பம் புண்ணை மோசமாக்கக்கூடும். கழுவ வேண்டிய நேரமும் அதில் வீணாகும். வினிகரை மேடையைத் துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து விடாமல் கழுவிக்கொண்டே உடனடியாக மருத்துவ உதவியை நாட வேண்டும். யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. காரம் திரும்பி வரும் வழியெல்லாம் இன்னொரு முறை பொசுக்கும்.

கலந்துவைத்த கரைசல் தெளிந்ததும் வெறும் நீர் போலவே இருக்கும். பெரும்பாலான விபத்துகளுக்கு அந்தத் தோற்றமே போதும். குடுவையின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள், தண்ணீர் குடிக்கும் பாத்திரத்தில் ஒருபோதும் கலக்காதீர்கள்.

எண்ணெய்க்கு எவ்வளவு காரம் என்று எப்படிக் கணக்கிடுவது?

ஒவ்வோர் எண்ணெய்க்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணெய் ஒரு கிராம் முழுதும் சோப்பாக மாற எத்தனை கிராம் காஸ்டிக் சோடா வேண்டும் என்பதை அது சொல்லும். தேங்காய் எண்ணெய்க்கு 0.183, ஆலிவ் எண்ணெய்க்கு 0.134, ஆமணக்கு எண்ணெய்க்கு 0.128 என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல்முறை செய்பவருக்கு நான் சொல்லும் அளவு இது: ஆலிவ் எண்ணெய் 300 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம், ஆமணக்கு எண்ணெய் 50 கிராம். பெருக்கிப் பாருங்கள். ஆலிவுக்கு 40.2, தேங்காய்க்கு 27.45, ஆமணக்குக்கு 6.4, மொத்தம் 74.05 கிராம். இவ்வளவும் போட்டால் எண்ணெய் துளியும் மிஞ்சாது, சிறு பிழைக்கும் இடம் இருக்காது. எனவே 5 சதவீதம் குறைத்து 70 கிராம் போடுகிறோம். இதனால் கொஞ்சம் எண்ணெய் வினைபுரியாமல் கட்டியில் தங்கும். தோலுக்கும் இதம், தராசின் சிறு பிசகுக்கும் காப்பு. சோப்பு செய்கிறவர்கள் இந்த உபரியை சூப்பர்ஃபேட் என்பார்கள். நீர், காரத்தைப் போல் இரு மடங்கு, அதாவது 140 கிராம். காய்ச்சி வடித்த நீர் நல்லது. குழாய் நீரில் உள்ள உலோக உப்புகள் கட்டியைச் சீக்கிரம் கெடுக்கும்.

இணையத்தில் சோப்புக் கணிப்பான்கள் நிறைய இருக்கின்றன. பயன்படுத்துங்கள். ஆனால் ஒருமுறையாவது கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அப்போதுதான் கணிப்பானில் தவறாகத் தட்டிய எண் கண்ணில் படும். அடுத்தவர் செய்முறையையும் கணக்கில் சரிபார்க்காமல் அடுப்படிக்குக் கொண்டுவராதீர்கள்.

ஓர் எண்ணெய்க்குப் பதில் வேறொன்றைப் போடலாமா?

போடலாம், காரத்தின் அளவை மறுபடி கணக்கிட்ட பிறகு. மேலே பார்த்த எண்களே காரணத்தைச் சொல்கின்றன. 150 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 27 கிராமுக்கு மேல் காரம் வேண்டும். அதே எடை ஆலிவ் எண்ணெய்க்கு 20 கிராம் போதும். கணக்கை மாற்றாமல் ஆலிவை ஊற்றினால், சூப்பர்ஃபேட்டையும் விழுங்கிவிட்டு மூன்று கிராமுக்கு மேல் காரம் போக்கிடம் இல்லாமல் கட்டிக்குள் நிற்கும்.

குணமும் மாறும். தேங்காய் எண்ணெய் கட்டியைக் கடினமாக்கும், பெரிய குமிழ்களோடு நுரைக்க வைக்கும், அழுக்கை வாரிக்கொண்டு போகும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் தோலின் எண்ணெயையும் சேர்த்து வாரும். தேங்காய் எண்ணெய் மட்டும் கொண்டு செய்ய விரும்புகிறவர்கள் சூப்பர்ஃபேட்டை 20 சதவீதம் வரை ஏற்றுவது அதனால்தான். ஆலிவ் மென்மையானது, ஆனால் நுரை குறைவு, சற்று வழவழப்பு. ஆமணக்கு தனியாக ஒன்றும் சாதிக்காது; 5 முதல் 10 சதவீதம் சேர்த்தால் மற்ற எண்ணெய்களின் நுரையை நிலைக்க வைக்கும். ஷியா வெண்ணெய், கோகோ வெண்ணெய் போன்ற கெட்டிக் கொழுப்புகள் கட்டிக்கு உறுதி தரும். சூரியகாந்தி போன்ற இலகுவான எண்ணெய்களில் லினோலிக் அமிலம் அதிகம். அவற்றைக் கூடுதலாகச் சேர்த்த கட்டி மென்மையாக இருக்கும், சீக்கிரம் சிக்கு வாடையும் அடிக்கும்.

விலை உயர்ந்த எண்ணெய்களை சோப்பில் கொட்டுவது எனக்கு உடன்பாடில்லை. காரம் எந்த எண்ணெயை விட்டுவைக்கலாம் என்று பார்த்து வேலை செய்வதில்லை. ஆர்கன், ரோஸ்ஹிப் போன்றவற்றை முகத்தில் நேரடியாகத் தடவுங்கள். கழுவிக் கொட்டும் பொருளில் அவை வீண்.

கலக்கும்போது எந்தப் பதத்தில் நிறுத்த வேண்டும்?

எண்ணெய்க் கலவையும் காரக்கரைசலும் 35 முதல் 45 டிகிரிக்குள் வந்ததும் கரைசலை எண்ணெயில் ஊற்றுங்கள். ஹேண்ட் பிளெண்டரைச் சில நொடிகள் ஓட்டி, நிறுத்தி, கையால் கலக்கி, மறுபடி ஓட்டுங்கள். தொடர்ந்து ஓட்டினால் மோட்டாரும் சூடாகும், கலவையும் கைமீறும். முதலில் பளபளப்பாகத் தெரியும் எண்ணெய்ப் படலம் மறையும். கலவை வெளிறி, கூழ் போல் ஆகும். பிளெண்டரைத் தூக்கிச் சொட்டவிட்டால் அந்தக் கோடு உடனே மூழ்காமல் மேற்பரப்பில் சற்று நேரம் நிற்கும். ட்ரேஸ் என்பது இதுதான். இனி எண்ணெயும் நீரும் பிரியாது. நிறமும் மணமும் சேர்க்க வேண்டிய நேரம் இது. சேர்த்து, அச்சில் ஊற்றி, தட்டிக் காற்றுக்குமிழ்களை வெளியேற்றுங்கள்.

ஒரு பொறி இருக்கிறது. ஷியா, கோகோ போன்ற கெட்டிக் கொழுப்புகள் உள்ள கலவை ஆறிப்போனால், வினை நடக்காமலேயே கொழுப்பு உறைந்து கெட்டியாகும். பார்க்க ட்ரேஸ் போலவே இருக்கும். அப்படி ஊற்றிய கட்டி பிறகு பிரிந்து எண்ணெய் கக்கும். சந்தேகம் வந்தால் பாத்திரத்தை லேசாகச் சூடாக்குங்கள். உருகி மீண்டும் நீர்த்தால் அது பொய்யான ட்ரேஸ்.

அச்சிலிருந்து எடுத்ததும் பயன்படுத்தலாமா? ஏன் ஒரு மாதத்துக்கு மேல் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

வினையின் பெரும்பகுதி ஓரிரு நாட்களில் முடிந்துவிடும். அப்போதே தொட்டால் கை பொசுங்காது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டியில் நீர் நிறைய இருக்கும். நான்கைந்து குளியலில் குழைந்து கரைந்துவிடும். நான்கு முதல் ஆறு வாரம் காற்றோட்டமான இடத்தில் இடைவெளி விட்டு அடுக்கினால் நீர் ஆவியாகும். உள்ளே சோப்பின் படிக அமைப்பும் மெல்ல மாறிச் சீராகும். கட்டி கடினமாகும், நுரை கூடும், தோலில் உறுத்தல் குறையும். ஆலிவ் எண்ணெய் மட்டும் கொண்டு செய்தது இன்னும் நீண்ட காலம் கேட்கும். ஆறு மாதம், ஒரு வருடம் என்று வைத்திருப்பவர்கள் உண்டு. வெயிலில் வைத்து அவசரப்படுத்தாதீர்கள். வெளிப்புறம் மட்டும் காய்ந்து வளையும், நிறம் போகும், எண்ணெய் சிக்குப் பிடிக்கும்.

அடுப்பில் வைத்துக் காய்ச்சினால் காத்திருக்க வேண்டாமா?

சூடான முறையில் கலவையை ட்ரேஸுக்குப் பிறகு மிதமான சூட்டில் ஒன்றிரண்டு மணி நேரம் வேகவைத்து வினையை அன்றே முடித்துவிடுகிறோம். காரம் இல்லாத நிலையில் மணத்தைச் சேர்க்கலாம் என்பது இதன் ஆதாயம். ஆனால் நீர் இன்னும் அதிகம் தேவைப்படும், அதுவும் உலர வேண்டும். ஆகவே காத்திருப்பிலிருந்து விடுதலை இல்லை. கட்டியும் வழவழப்பாக வராது, சற்றுக் கரடுமுரடாக இருக்கும். பிடித்தவர்களுக்கு அதுவும் அழகு.

பாதுகாப்பாக இருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பழைய ஆட்கள் நாக்கு நுனியால் தொட்டுப் பார்ப்பார்கள். மிகுந்த காரம் இருந்தால் சுருக்கென்று மின்சாரம் தொட்டது போல் இருக்கும். இல்லாவிட்டால் சோப்புச் சுவை மட்டும் தெரியும். ஈரவிரலைக் கட்டியில் தேய்த்து அந்த விரலை நாக்கில் வைத்தால் போதும். கட்டியை நக்க வேண்டியதில்லை. காரத்தன்மையை எண்ணாகக் காட்டும் பி.எச். தாளில் நல்ல சோப்பு சுமார் 9 முதல் 10 வரை காட்டும். 11க்கு மேல் காட்டினால் கட்டியை ஒதுக்கி வைத்துச் சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் இறங்காவிட்டால் உடலுக்கு வேண்டாம். கட்டியில் வெள்ளை மணிகளோ திரவம் நிரம்பிய சிறு குழிகளோ தெரிந்தால் சோதிக்காமலேயே ஒதுக்கிவிடுங்கள், அது கரையாத காரமாக இருக்கலாம்.

தோலின் பி.எச். 5.5 என்கிறார்களே, சோப்பை அந்த அளவுக்குக் கொண்டுவர முடியாதா?

முடியாது. எலுமிச்சைச் சாறோ வினிகரோ சேர்த்து இறக்கப் பார்த்தால் சோப்பு உடைந்து கொழுப்பு அமிலமாகத் திரும்பிவிடும். எண்ணெய்ப் பிசுக்கு மிஞ்சும், சோப்பு மிஞ்சாது. 5.5 என்று அச்சிட்ட கட்டிகள் சோடியம் கோகாயில் ஐசெத்தியோனேட் போன்ற செயற்கைச் சலவைப்பொருட்களால் ஆனவை. அவை மட்டமானவை என்று சொல்லவில்லை. மிக வறண்ட தோலுக்கு அவை சில சமயம் சோப்பைவிடப் பொருத்தம். நாம் இங்கே பேசுவது வேறு பொருள், அவ்வளவுதான்.

இயற்கை நிறங்கள் ஏன் மாறிப்போகின்றன?

செம்பருத்தியின் சிவப்பையும் சங்குப்பூவின் நீலத்தையும் பார்த்து ஆசைப்படாதவர் இல்லை. அந்த நிறங்களுக்குக் காரணமான ஆந்தோசயனின்கள் காரத்தைச் சந்தித்ததும் பச்சையாகி, பிறகு அழுக்கு மஞ்சளாகவோ பழுப்பாகவோ முடியும். பீட்ரூட்டின் நிறப்பொருள் வேறு வகை. முடிவு அதே பழுப்பு. மஞ்சள் தூள் கலக்கும்போது செங்கல் நிறமாகச் சிவந்து மிரட்டும். கட்டி இறுகியதும் தணிந்து மஞ்சளுக்கும் ஆரஞ்சுக்கும் இடையே நிற்கும். அதுவும் வெளிச்சத்தில் வெளிறும்.

காரத்தைத் தாங்குபவை வேறு. மஞ்சிட்டி வேர் இளஞ்சிவப்பு தரும். அவுரி நீலம் தரும். கை தாராளமானால் நுரையும் நீலமாகும். கயோலின் வெண்களிமண்ணும் இரும்பு ஆக்சைடு கலந்த செங்களிமண்ணும் நிறத்தோடு ஒரு வழுக்கலையும் தரும், ஆனால் முன்கூட்டியே நீரில் குழைக்காவிட்டால் திட்டுத்திட்டாக நிற்கும். கரித்தூள் கறுப்பில் ஏமாற்றாது. ஸ்பைருலினா பச்சை முதல் வாரம் கண்ணைப் பறிக்கும், பிறகு மங்கும். பூவிதழ்களில் காலண்டுலா ஒன்றுதான் சோப்புக்குள் நிறம் மாறாமல் இருக்கும். லாவண்டர் மொட்டுகளையோ ரோஜா இதழ்களையோ உள்ளே போட்டால் பழுப்புப் புள்ளிகளாகி, பார்ப்பவர் வேறு எதையோ நினைப்பார்.

தூள் எதுவானாலும் 500 கிராம் எண்ணெய்க்கு ஒரு தேக்கரண்டியில் தொடங்குங்கள். உணவுக்கான செயற்கை நிறங்கள் காரத்தில் சிதையும், அல்லது ஒரு நிறம் அடுத்த நிறத்துக்குள் ஊறும்.

மணத்துக்கு நறுமண எண்ணெய் எவ்வளவு?

பொதுவாக எண்ணெய் எடையில் 3 சதவீதம் வரை. மேலே சொன்ன 500 கிராமுக்கு அதிகபட்சம் 15 கிராம். இது எல்லா நறுமண எண்ணெய்க்கும் பொருந்தாது. கிராம்பு, பட்டை எண்ணெய்கள் தோலை உறுத்துபவை, ஒவ்வாமையைத் தூண்டுபவை. மிகமிகக் குறைவாகவே சேர்க்க வேண்டும். அவை இன்னொரு குறும்பும் செய்யும்: கலவையைக் கண்ணெதிரே இறுகவைத்து, அச்சுக்குள் போகாத முரட்டுக் கட்டியாக்கிவிடும். எலுமிச்சை, ஆரஞ்சு எண்ணெய்களின் மணம் காத்திருக்கும் வாரங்களிலேயே பறந்துவிடும். லாவண்டர், எலுமிச்சைப்புல், பச்சோலி ஆகியவை நிற்கும். வெனிலின் உள்ள எந்த மணமும் கட்டியைப் பழுப்பாக்கும்.

மெழுகுவத்திக்கு விற்கும் வாசனைத் திரவங்களை, தோலுக்கு ஏற்றது என்று குறிப்பிட்டிருந்தாலன்றி, சோப்பில் ஊற்றாதீர்கள். செடியிலிருந்து வந்தது ஆகவே தீங்கில்லை என்ற எண்ணமும் வேண்டாம். லாவண்டரில் உள்ள லினலூலும் ஆரஞ்சில் உள்ள லிமோனினும் காற்றுப்பட்டுப் பழையதானால் ஒவ்வாமையை உண்டாக்கும் பொருட்களாக மாறும். பாட்டிலை இறுக மூடிக் குளிர்ச்சியான இருட்டில் வையுங்கள். பழைய பாட்டில் தரையைத் துடைக்க உதவும்.

பால், தேன், கற்றாழை சேர்க்கலாமா?

சேர்க்கலாம், சூட்டைக் கவனித்து. இவற்றில் உள்ள சர்க்கரை வினையின் வெப்பத்தைக் கூட்டும். பாலை வழக்கமான நீருக்குப் பதிலாகப் பயன்படுத்தினால் முதலில் கட்டியாக உறைய வைத்து, அதன் மேல் காஸ்டிக் சோடாவைச் சிறிது சிறிதாகத் தூவிக் கரைக்க வேண்டும். நேரே பாலில் கொட்டினால் பால் கருகி நாற்றமடிக்கும். தேன் ஒரு தேக்கரண்டிக்கு மேல் வேண்டாம், அதையும் சிறிது நீரில் கரைத்து ஊற்றுங்கள். அதிகமானால் அச்சுக்குள் கலவை பொங்கி வழியும். பால், தேன் சேர்த்த அச்சைப் போர்த்தாமல் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். கற்றாழைச் சாறு நீருக்கு மாற்றாக ஒழுங்காக நடந்துகொள்ளும். ஆனால் காரத்தின் தாக்குதலுக்குப் பிறகு அதன் குணங்களில் எவ்வளவு மிஞ்சும் என்பதில் பெரிய எதிர்பார்ப்பு வேண்டாம்.

மேலே வெள்ளைப் பொடி, நடுவே ஆரஞ்சுப் புள்ளி, ஓரத்தில் எண்ணெய். எதைத் தூக்கிப் போட வேண்டும்?

வெள்ளைப் பொடி சோடியம் கார்பனேட். மேற்பரப்பில் இருந்த காரம் காற்றின் கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து உண்டானது. தீங்கில்லை, ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். ஊற்றியதும் அச்சை மூடிவைத்தால் வராது. கட்டியின் நடுவே ஒரு கறுத்த வட்டம் தெரிந்தால், நடுப்பகுதி மட்டும் அதிகம் சூடாகி ஒளி ஊடுருவும் நிலைக்குப் போயிருக்கிறது; அழகுக் குறை மட்டுமே.

ஆரஞ்சுப் புள்ளி, எண்ணெய் சிக்குப் பிடித்ததன் அடையாளம். பயன்படுத்தினால் ஆபத்தில்லை, வாடைதான் தாங்காது. பழைய எண்ணெய், அதிக லினோலிக் அமிலம், அளவுக்கு மீறிய சூப்பர்ஃபேட், இரும்புக் கம்பித் தட்டில் உலர்த்தியது என்று காரணம் பல. எண்ணெய் கசிந்து நின்றால் சில நாள் பொறுங்கள், கட்டியே திரும்ப உறிஞ்சிக்கொள்ளக்கூடும். உறிஞ்சாமல் ஒரு பக்கம் எண்ணெயும் மறுபக்கம் பொடியுமாக இருந்தால் கலவை பிரிந்திருக்கிறது. அளவு சரியாக இருந்தது என்பது உறுதியானால், கையுறை அணிந்து துருவி, சிறிது நீர் விட்டு மிதமான சூட்டில் உருக்கி மறுபடி அச்சில் அழுத்தலாம். அளவிலேயே சந்தேகம் என்றால் காப்பாற்ற முயல வேண்டாம்.

உப்பு நீரில் நுரைக்கவில்லையே?

அது நீரின் குணம். கடின நீரில் உள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து கரையாத படிவாகின்றன. வாளி ஓரத்தில் படியும் சாம்பல் நிறப் பிசுக்கு அதுதான். சோடியம் சிட்ரேட் இதைக் குறைக்கும். செய்முறையில் 10 கிராம் சிட்ரிக் அமிலத்தை நீரில் கரைத்து, அதை முறிக்க காஸ்டிக் சோடாவில் 6.2 கிராம் கூடுதலாகச் சேர்த்தால், சிட்ரேட் கட்டிக்குள்ளேயே உருவாகிவிடும். கூடுதலை மறந்தால் சூப்பர்ஃபேட் எகிறி, கட்டி குழையும்.

இதே சோப்பைத் தலைக்குப் போடலாமா?

சிலருக்கு ஒத்துப்போகும், பலருக்கு முடி வைக்கோலாகும். காரத்தன்மை முடியின் மேற்செதில்களை நிமிர்த்தும், கடின நீரின் பிசுக்கு அவற்றிடையே சிக்கும். ஒரு லிட்டர் நீரில் ஒன்றிரண்டு மேசைக்கரண்டி வினிகர் கலந்து கடைசியாக அலசினால் ஓரளவு சரியாகும். சாயம் பூசிய முடிக்கு வேண்டாம், சாயம் வேகமாக இறங்கும்.

திரவ சோப்பு செய்ய, கட்டியைத் துருவி நீரில் கரைத்தால் போதாதா?

கரையும், அடுத்த நாள் மூக்குச்சளி போல் இழுபடும். திரவ சோப்புக்குப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு வேண்டும். ஒவ்வோர் எண்ணெய்க்கும் மேலே சொன்ன காஸ்டிக் சோடா எண்ணை 1.403ஆல் பெருக்குங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் 90 சதவீதத் தூய்மை என்பதால் விடையை 0.9ஆல் வகுங்கள். முதலில் பசையாகக் காய்ச்சி, பிறகு நீரில் கரைப்பார்கள். சூப்பர்ஃபேட்டை 2, 3 சதவீதத்துக்குள் வைக்காவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும்.

பாத் பாம்ப், அதாவது நீரில் பொங்கிக் கரையும் குளியல் உருண்டை, ஏன் செய்யும்போதே பொங்கிவிடுகிறது?

ஈரம். சமையல் சோடாவும் சிட்ரிக் அமிலமும் நீரைச் சந்தித்ததும் கார்பன் டை ஆக்சைடை விடுவதுதான் முழு வித்தையும். அந்தச் சந்திப்பைக் குளியல் தொட்டி வரை தள்ளிப்போட வேண்டும். எடையில் இரண்டு பங்கு சோடா, ஒரு பங்கு அமிலம், அதில் சிறிதளவு எண்ணெய். நீருக்குப் பதில் ஆல்கஹாலைத் தெளிப்பானால் இரண்டு மூன்று முறை மட்டும் தெளித்து, கையில் பிடித்தால் உதிராத பதம் வந்ததும் அச்சில் இறுக அழுத்துங்கள். மழைநாளில் முயற்சி வேண்டாம். வேதிக் கணக்குப்படி 100 கிராம் அமிலத்துக்குச் சுமார் 131 கிராம் சோடா போதும். கூடுதல் சோடா, நீரில் புளிப்பு மிஞ்சாமல் பார்த்துக்கொள்கிறது. எண்ணெய் தொட்டியை வழுக்கலாக்கும் என்பதை அடுத்துக் குளிப்பவருக்கும் சொல்லிவையுங்கள்.

ஸ்க்ரப், குளியல் உப்பு, லோஷன் ஆகியவற்றுக்குப் பிரிசர்வேட்டிவ் தேவையா?

நீர் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். உலர்ந்த கட்டி சோப்பு, வெறும் எண்ணெய், வெறும் உப்பு, எண்ணெயில் பிசைந்த சர்க்கரை ஸ்க்ரப் இவற்றில் நீர் இல்லை, கிருமி வளராது. ஈரக்கையை டப்பாவில் விட்டதும் இந்த விதி முறியும், கரண்டி வைத்துக்கொள்ளுங்கள். லோஷன், பன்னீர் கலவை, கற்றாழை ஜெல் இவற்றில் நீர் உண்டு. முறையான பிரிசர்வேட்டிவ் இல்லாமல் அறை வெப்பத்தில் சில நாட்களில் கிருமிப் பண்ணையாகும், அதுவும் கண்ணுக்கோ மூக்குக்கோ தெரியாமலேயே. வைட்டமின் ஈ இதற்கு உதவாது. அது எண்ணெய் சிக்குப் பிடிப்பதைத் தாமதிக்கும், பாக்டீரியாவை ஒன்றும் செய்யாது. பிரிசர்வேட்டிவ் பிடிக்காதவர்கள் பொடியாக வைத்து, வேண்டியபோது ஒரு வேளைக்கு மட்டும் குழைத்துக்கொள்வதே நல்ல வழி.

எலுமிச்சைச் சாற்றைத் தோலில் தடவி வெயிலில் போக வேண்டாம். கொப்புளமும் கருந்தழும்பும் வரக்கூடும். சன்ஸ்க்ரீனை வீட்டில் செய்யவே வேண்டாம். அதன் காப்பு அளவை அளக்க வீட்டில் வழியில்லை.

கையால் செய்த சோப்பு தோல் நோயைக் குணமாக்குமா?

இல்லை. சோப்பு அழுக்கை எடுக்கும். நல்ல சோப்பு அதைச் சற்று மென்மையாகச் செய்யும். எக்சிமா, சொரியாசிஸ் உள்ளவர்களுக்குச் சோப்பின் காரத்தன்மையே தொல்லை கூட்டலாம். கைக்குழந்தைகளுக்கு மணம் சேர்த்த எதையும் தவிருங்கள்.

நண்பர்கள் விற்கச் சொல்கிறார்கள்?

முதலில் ஒரு வருடம் பரிசாகக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து உங்கள் கட்டி எப்படி இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். ஒவ்வொரு தடவையும் தேதி, எடைகள், எண்ணெய் வாங்கிய விவரம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். விற்பனை விதிகள் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1223/2009 விதிமுறைப்படி, தகுதி பெற்ற ஒருவர் பாதுகாப்பு மதிப்பீடு செய்யாமல் ஒரு கட்டியைக்கூடச் சந்தைக்குக் கொண்டுவர முடியாது. உங்கள் நாட்டு விதியை விசாரித்த பிறகு பெயர்ப்பலகை எழுதுங்கள்.

பாத்திரங்களையும் மீதமுள்ள காஸ்டிக் சோடாவையும் என்ன செய்வது?

கலவை ஒட்டிய பாத்திரத்தை உடனே கழுவினால் கையுறையோடு எண்ணெயில் மல்லுக்கட்ட வேண்டும். யாரும் தொடாத இடத்தில் ஓர் இரவு விட்டுவிடுங்கள். ஒட்டியிருப்பது தானே சோப்பாகி, மறுநாள் நுரைத்துக்கொண்டு போகும். காஸ்டிக் சோடா காற்றின் ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் இழுத்துக்கொள்ளும். மூடி தளர்ந்த டப்பாவில் அது கட்டி பிடித்து வலுவிழந்தால், தராசு சரியாகக் காட்டினாலும் சோப்பில் எண்ணெய் மிஞ்சும். காற்றுப் புகாத மூடியும் தெளிவான எச்சரிக்கைச் சீட்டும் உள்ள டப்பாவில் போட்டு, குழந்தைக்கு எட்டாத பூட்டிய அலமாரியில் வையுங்கள். கட்டி பிடித்துவிட்டதை அடுத்த சோப்புக்கு எடுக்க வேண்டாம்.